மூன்று யூனிட், மூன்று விதமான டெக்ஸ்ட் ஃபைல், ஒரே ஆக்சஸ்: எப்படி ஏற்றுவது, எப்படி எடுப்பது?

தோல்_கணக்கு
8 ஜூலை 2024, காலை 10:42

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு ஷூ அப்பர் தைக்கும் ஒரு கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று மூன்று இடத்தில் யூனிட். மாதம் பிறந்தால் மூன்று இடத்திலிருந்தும் வருகையும் சம்பளமும் டெக்ஸ்ட் ஃபைலாக வந்து விழும். அவற்றை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸில் ஏற்றி, சம்பளச் சீட்டு அடித்து, கடைசியில் பி.எஃப். போர்ட்டலுக்கு ஈ.சி.ஆர். ஃபைல் (ஆளுக்கு ஒரு வரியாகச் சம்பளமும் பி.எஃப். தொகையும் உள்ள மாதக் கணக்கு) எடுக்க வேண்டும். 15-ஆம் தேதி கடைசி நாள்.

ஆம்பூர் ஃபைல் இப்படி இருக்கும்:

01|0007|20240603|2
02|004512|0758|1
02|004519|0801|1
03|004519|கார்டு மறந்துவிட்டார், சூப்பர்வைசர் சொல்லிப் பதிவு
02|004512|1734|2
99|3

01 வரியில் கேட் எண், தேதி, ஷிஃப்ட். 02 என்றால் ஒரு பஞ்ச், அதாவது ஒருவர் கார்டைக் காட்டிய பதிவு; அதில் அவருடைய டோக்கன் எண்ணும் நேரமும் இருக்கும். 03 குறிப்பு. 99 வரியில் மொத்தம் எத்தனை பஞ்ச் என்ற கணக்கு.

வாணியம்பாடியில் பழைய ஃபாக்ஸ்புரோ டேட்டாபேஸ். குறியே கிடையாது, இடம் எண்ணி வெட்ட வேண்டிய ஃபைல். ராணிப்பேட்டையில் ஒரு பையன் சொந்தமாக எழுதிய புரோகிராம், கமா போட்டு அனுப்புகிறான்.

ஆக்சஸின் இம்போர்ட் விஸார்டில் ஆம்பூர் ஃபைலைக் கொடுத்தால் தேதி ஒரு வரியில் மூன்றாவது காலத்தில் (பத்தியில்) நிற்கிறது, அடுத்த வரியில் அதே காலத்தில் நேரம் நிற்கிறது. 004512 என்ற ஆள் 4512 ஆகிவிட்டார். இறக்குமதிப் பிழைகள் என்று தனியாக ஒரு டேபிள் வேறு முளைக்கிறது. இதை ஒரே கிளிக்கில் ஏற்ற வழி உண்டா?


கோட்டை_அகழி
8 ஜூலை, காலை 11:05

எக்செல்லில் திறந்து, ஃபில்டர் போட்டு 02 வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. இதற்கெல்லாம் எதற்கு டேட்டாபேஸ்?


முள்ளுக்கத்திரி
8 ஜூலை, காலை 11:31

அகழி அண்ணா, உங்கள் வழியில் போய்த்தான் போன வருஷம் நான் மாட்டிக்கொண்டேன். யூ.ஏ.என்., அதாவது பி.எஃப். உறுப்பினர் எண், 12 இலக்கம். எக்செல் பொது வடிவத்தில் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும். 12 ஆனதும் புள்ளி வைத்து அடுக்கு எண்ணாக மாற்றிக் காட்டும். அப்படியே டெக்ஸ்டாக சேவ் செய்தால் அந்தக் கோலத்திலேயே ஃபைலுக்குள் போய்விடும். வங்கிக் கணக்கு எண் 15 இலக்கத்தைத் தாண்டினால் இன்னும் மோசம், 16-ஆவது இலக்கத்திலிருந்து பூஜ்யமாகிவிடும். திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

தோல்_கணக்கு தம்பி, விஸார்டில் கீழே அட்வான்ஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது, பாருங்கள். அங்கே ஒவ்வொரு காலத்துக்கும் என்ன வகை என்று நாமே சொல்லலாம். கூட்டிக் கழிக்காத எண் எதுவானாலும், டோக்கன் எண், யூ.ஏ.என்., பின்கோடு, போன் நம்பர், எல்லாவற்றையும் டெக்ஸ்ட் என்றே வையுங்கள். முன்னால் இருக்கும் பூஜ்யம் தப்பிக்கும். தேதிக்கு நாள், மாதம், வருடம் என்ற வரிசையும் அங்கேயே குறிக்கலாம். அதை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்துவிட்டால் அடுத்த மாதம் அதையே கூப்பிடலாம்.

ஆனால் ஆம்பூர் ஃபைலுக்கு இது எதுவும் உதவாது. விஸார்டுக்கு ஒரு ஃபைல் என்றால் ஒரே அச்சு. நீங்கள் வைத்திருப்பது ஒரே பையில் நாலு அச்சு.


மக்கன்பேடா
8 ஜூலை, பிற்பகல் 3:20

ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கவரின் மேல் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று எழுதிய காலத்தில் டிபேஸில் ஆரம்பித்தவன், அப்புறம் ஃபாக்ஸ்புரோ. இப்போது ஓய்வு. பேரனுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் கொடுக்கும் நேரம் போக இங்கே எட்டிப் பார்ப்பேன்.

தம்பி, ஒரே கிளிக் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஃபைலை நேராகச் சம்பள டேபிளில் ஏற்றாதீர்கள். முதலில் ஒரு கச்சா டேபிள் போடுங்கள். அதில் நாலே காலம்: எந்த ஃபைல், எத்தனையாவது வரி, வரியின் வகை, முழு வரி. முழு வரியை நீள டெக்ஸ்டாக வையுங்கள். ஒரு எழுத்தும் மாறாமல் வந்தது வந்தபடி உள்ளே போகட்டும். வெட்டுவது, பிரிப்பது, எண்ணாக மாற்றுவது எல்லாம் இரண்டாவது நடையில்.

வரி எண் எதற்கு என்று கேட்பீர்கள். 02 வரியில் தேதி இல்லை, கவனித்தீர்களா? தேதி அதற்கு மேலே உள்ள 01 வரியில் இருக்கிறது. டெக்ஸ்ட் ஃபைலில் மேலே, கீழே என்பதற்கு அர்த்தம் உண்டு. டேபிளில் கிடையாது. டேபிள் என்பது சாக்கில் கொட்டிய மல்லாட்டை மாதிரி, எது முதலில் விழுந்தது என்று அதற்குத் தெரியாது. வரி எண்ணை நாமே எழுதி வைத்தால்தான் எந்தப் பஞ்ச் எந்தத் தேதிக்குச் சொந்தம் என்று சொல்ல முடியும்.

ஆக, வி.பி.ஏ.-வில் (ஆக்சஸுக்குள்ளேயே புரோகிராம் எழுதும் மொழி) ஒரு சின்ன லூப். வரி வரியாகப் படியுங்கள். 01 வந்தால் கேட்டையும் தேதியையும் மாறிகளில் பிடித்து வையுங்கள். 02 வந்தால் பிடித்து வைத்த தேதியைச் சேர்த்து எழுதுங்கள். 99 வந்தால் இதுவரை எண்ணியதை அதோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் அந்த ஃபைலையே ஏற்றாமல் நிறுத்திவிடுங்கள். அந்த 99 வரியை அலங்காரத்துக்கு வைக்கவில்லை.


முள்ளுக்கத்திரி
8 ஜூலை, மாலை 4:02

பேடா சார் சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். ஆடிட்டர் ஆபீசில் நாங்கள் தினம் பார்க்கும் டி.டி.எஸ். ரிட்டர்ன் ஃபைலும் இதே ஜாதிதான். முதல் வரி ஃபைல் தலைப்பு, அடுத்தது தொகுதித் தலைப்பு, அதன் கீழே சலான் வரி, சலானுக்குக் கீழே யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்ற வரிகள். காலங்களுக்கு நடுவே தொப்பி மாதிரி ^ குறி. எந்த வரி எந்தச் சலானைச் சேர்ந்தது என்று கலந்துவிட்டால் சரிபார்ப்பு மென்பொருள் மூஞ்சியில் அடித்தாற்போல் திருப்பிவிடும்.


ஜங்ஷன்_காத்து
8 ஜூலை, இரவு 9:48

பைத்தான் மொழியில் பத்தே வரி. எஸ்.க்யூ.லைட் டேட்டாபேஸ் இலவசம். 2024-லும் ஆக்சஸ் தேவையா அண்ணா?


தோல்_கணக்கு
8 ஜூலை, இரவு 10:15

தம்பி, நான் லீவில் போனால் இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்குப் பட்டனை அழுத்த மட்டும்தான் தெரியும். சம்பளச் சீட்டு அடிக்கும் ரிப்போர்ட் எல்லாம் ஆக்சஸில் ஏற்கனவே இருக்கிறது. அதை விட மனசில்லை.


ஜங்ஷன்_காத்து
8 ஜூலை, இரவு 10:19

சரி சரி. அப்படியென்றால் நியாயம்தான்.


தோல்_கணக்கு
9 ஜூலை, பிற்பகல் 1:10

பேடா சார், லூப் எழுதினேன். லைன் இன்புட் கட்டளைதான். ஆனால் முழு ஃபைலும் ஒரே வரியாக உள்ளே போகிறது! கச்சா டேபிளில் ஒரே ஒரு பதிவு, அதற்குள் ஒரு மாத ஆம்பூரே அடங்கிக் கிடக்கிறது. நோட்பேடில் திறந்தால் வரி வரியாக ஒழுங்காகத் தெரிகிறது. தவிர, 03 குறிப்பில் இருந்த தமிழ் எல்லாம் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தாக நிற்கிறது.


ஜங்ஷன்_காத்து
9 ஜூலை, பிற்பகல் 1:34

இது என் ஏரியா. பஞ்ச் மெஷினுக்குள் லினக்ஸ் ஓடுகிறது என்று நினைக்கிறேன். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறி வைக்கும், 13-உம் 10-உம். லினக்ஸ் 10 மட்டும் வைக்கும். வி.பி.ஏ.-வின் லைன் இன்புட் 13-ஐத் தேடிக்கொண்டே போகும், கிடைக்காததால் கடைசி வரைக்கும் போய் முட்டிக்கொள்ளும். இப்போதைய நோட்பேட் இரண்டையும் புரிந்துகொள்ளும், அதனால்தான் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தமிழ் உடைவதற்குக் காரணம் வேறு. ஃபைல் யூ.டி.எஃப்.-8, அதாவது யூனிகோட் எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. லைன் இன்புட்டுக்கு அது தெரியாது, பழைய ஒரு பைட் எழுத்தாகவே படிக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து: வி.பி.ஏ.-வில் ஃபைலைப் படிக்க உதவும் ஏ.டி.ஓ. ஸ்ட்ரீம். எழுத்துத் தொகுப்பு யூ.டி.எஃப்.-8 என்று சொல்லுங்கள், வரிப் பிரிப்பான் 10 என்று சொல்லுங்கள், ரீட்டெக்ஸ்ட்டுக்கு மைனஸ் 2 கொடுத்தால் ஒவ்வொரு வரியாகக் கொடுக்கும். விஸார்ட் வழியாகப் போகும் ஃபைல் என்றால் கோட் பேஜில் 65001 என்று தேர்ந்தெடுங்கள்.


தோல்_கணக்கு
9 ஜூலை, மாலை 5:50

ஓடுகிறது! ஆம்பூர் முடிந்தது. 99 எல்லா நாளும் பொருந்தி வருகிறது. ஜங்ஷன் தம்பிக்கு ஒரு மக்கன் பேடா, பேடா சார் செலவில்.

அடுத்து வாணியம்பாடி. அந்த ஃபைலில் பெயர்கள் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. முதலில் அதை யூனிகோடாக மாற்றிவிட்டு, அப்புறம் இடம் எண்ணி வெட்டலாம் என்று இருக்கிறேன்.


மக்கன்பேடா
9 ஜூலை, மாலை 6:04

நில்லுங்கள், நில்லுங்கள். தலைகீழ்! முதலில் வெட்டு, பிறகு மாற்று.

பழைய எழுத்துருவில் ஒரு வடிவம் ஒரு பைட். 20 இடம் ஒதுக்கினால் சரியாக 20 பைட். யூனிகோடாக மாற்றிய மறுகணம் அந்தக் கணக்கு குலைந்துவிடும். வேலூர் என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் வ, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறியீடு. யூ.டி.எஃப்.-8-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 18. மூன்று, ஆறு, பதினெட்டு, இதில் எதை வைத்து இடம் எண்ணுவீர்கள்? பெயருக்குப் பின்னால் இருக்கும் சம்பளம் ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் போய் நிற்கும்.

ஃபாக்ஸ்புரோவில் காப்பி டூ கட்டளையில் எஸ்.டி.எஃப். என்று போட்டு எடுத்த ஃபைலாகத்தான் இருக்கும். அதில் தலைப்பு வரி இருக்காது. அங்கே உள்ளவரிடம் டேபிளின் அமைப்பை, அதாவது எந்தக் காலம் எத்தனை அகலம் என்பதை, கேட்டு வாங்கி அதன்படி வெட்டுங்கள். வெட்டி எடுத்த பெயரை மட்டும் மாற்றுங்கள், போதும்.


முள்ளுக்கத்திரி
9 ஜூலை, மாலை 6:40

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு பெயரை வைத்து இரண்டு டேபிளைப் பொருத்தாதீர்கள். கொ, கோ போன்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாகவும் வரும், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரும். திரையில் ஒன்றுபோலவே இருக்கும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். கோவிந்தம்மாளை நான் அரை நாள் தேடினேன், கண்ணெதிரிலேயே இருந்தார். டோக்கன் எண்ணை வைத்தே பொருத்துங்கள்.

மாவட்டமும் ஜாக்கிரதை. 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது எங்கள் ஆபீசில் 635 என்று பின்கோடு தொடங்கினால் திருப்பத்தூர் என்று ஒரே அப்டேட் க்வெரியில் மாற்றினார்கள். ஆம்பூருக்குச் சரி. ஆனால் 635810 பேரணாம்பட்டு, அது வேலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, என்னை எப்போது திருப்பத்தூருக்குக் குடிபெயர்த்தீர்கள் என்று கேட்டார்.


தோல்_கணக்கு
11 ஜூலை, காலை 11:22

வாணியம்பாடியும் ஏறிவிட்டது. ராணிப்பேட்டை கமா ஃபைல் சுலபமாக இருந்தது, அதையும் ஏற்றிவிட்டேன். இப்போது வெளியே எடுக்கும் கட்டம். ஈ.சி.ஆர். ஃபைலில் காலங்களுக்கு நடுவே #~# வர வேண்டும். விஸார்டில் மற்றவை என்ற கட்டத்தில் ஒரே ஒரு குறிதான் அடிக்க முடிகிறது. மூன்று குறி எப்படி?


மக்கன்பேடா
11 ஜூலை, பகல் 12:15

முடியாது, அந்தக் கட்டம் ஒரு எழுத்துக்கு மட்டும்தான். விஸார்டை ஏமாற்ற வேண்டும். க்வெரியிலேயே பதினொரு காலத்தையும் நடுவில் #~# வைத்து ஒட்டி, ஒரே நீளக் காலமாக ஆக்குங்கள். அந்த ஒரு காலத்தை மட்டும் ஏற்றுமதி செய்யுங்கள். டெக்ஸ்ட் மேற்கோள் குறி எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியையும் இரட்டை மேற்கோளுக்குள் பூட்டிவிடும். 12000 ரூபாய் வாங்குகிற ஒருவரின் வரி இப்படி வர வேண்டும்:

யூ.ஏ.என்.#~#பெயர்#~#12000#~#12000#~#12000#~#12000#~#1440#~#1000#~#440#~#0#~#0

இதில் தலைப்பு வரி, முடிவு வரி கிடையாது, அதனால் சுலபம். முள்ளுக்கத்திரி அம்மாவின் டி.டி.எஸ். மாதிரி பல வகை வரி கலந்து வெளியே எடுக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு வகைக்கும் ஒரு க்வெரி எழுதி, வரிசை எண் ஒன்றைச் சேர்த்து, யூனியனால் இணைத்து, அந்த எண்ணின்படி அடுக்கி, வரியை மட்டும் வெளியே விட வேண்டும். அப்போது யூனியன் ஆல் என்று எழுதுங்கள். வெறும் யூனியன் ஒரே மாதிரி இருக்கும் வரிகளில் ஒன்றை விழுங்கிவிடும், நீள டெக்ஸ்டை 255 எழுத்தோடு வெட்டியும் விடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. என் வாழ்நாளில் இரண்டு இரவுத் தூக்கத்தை அந்த 255 தின்றிருக்கிறது.


முள்ளுக்கத்திரி
11 ஜூலை, பகல் 12:50

தம்பி, பென்ஷன் பங்கு 8.33 சதவீதத்தை எப்படி ரூபாயாக்குகிறீர்கள்? ரவுண்ட் போட்டிருந்தால் பாருங்கள். ஆக்சஸின் ரவுண்ட் நாம் பள்ளியில் படித்தது இல்லை. சரியாக அரை வந்தால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு ரூபாயில் சம்பளம், உச்சவரம்பு 15000 என்றால் சரியாக அரை வருவது இரண்டே இடத்தில். 15000-க்கு 1249.50, அது 1250-க்கே போகும், 1250 இரட்டைப்படை என்பதால் தப்பித்தோம். 5000-க்கு 416.50. அது 417-க்குப் பதில் 416 ஆகிவிடும். பாதி மாதம் வந்தவர்களில் 5000 யாராவது இருக்கிறாரா?


தோல்_கணக்கு
11 ஜூலை, பிற்பகல் 2:05

இருக்கிறார்கள் அக்கா, ரெண்டு பேர்! ரெண்டிலும் 416.

சம்பளத்தை 833-ஆல் பெருக்கி 10000-ஆல் வகுத்து, அரையைக் கூட்டி, பின்னத்தை வெட்டிவிடும் இன்ட் போட்டேன். கோடில் ஓவர்ஃப்ளோ என்று நின்றது. சம்பளத்தை இன்டீஜர் என்று அறிவித்திருந்தேன், அது 32767-க்கு மேல் தாங்காதாம். லாங் என்று மாற்றியதும் 417 வந்துவிட்டது.


தோல்_கணக்கு
13 ஜூலை, காலை 9:30

போர்ட்டலில் ஏற்றுவதற்கு முன்னால் யூனிட் வாரியாகக் கூட்டிப் பார்த்தேன். ஆம்பூர், வாணியம்பாடி பொருந்துகின்றன. ராணிப்பேட்டை மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் குறைகிறது. தேடினால் 14 பேருக்கு மாதச் சம்பளம் 26 ரூபாய், 24 ரூபாய் என்று இருக்கிறது. பிடித்தம் மட்டும் பதினோராயிரம்! பெயர் காலம் காலி. இந்த யூனிட்டில் மொத்தம் நூற்றைம்பது பேர், மற்ற எல்லாரும் சரி. இந்த 14 பேர் என்ன பாவம் செய்தார்கள்?


கோட்டை_அகழி
13 ஜூலை, காலை 9:41

26 ரூபாய் சம்பளத்தில் பதினோராயிரம் பிடித்தமா? எங்கள் முதலாளியிடம் இந்த ஃபைலைக் காட்டிவிடாதீர்கள்.


மக்கன்பேடா
13 ஜூலை, காலை 10:08

26 என்பது வேலை நாள். எல்லாம் ஒரு காலம் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. அந்த வரிகளில் ஒரு கமா அதிகம். அந்த 14 பேரின் பெயரை வருகைப் பதிவிலிருந்து எடுத்து எழுதுங்கள்.


தோல்_கணக்கு
13 ஜூலை, காலை 10:30

இப்ராகிம், இம்தியாஸ், இளங்கோ, இந்திரா, இர்ஃபான், இருசம்மாள்... எல்லாமே இ!


மக்கன்பேடா
13 ஜூலை, காலை 10:37

நினைத்தேன். பையன் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறான். பாமினியில் இ என்ற எழுத்து உட்கார்ந்திருப்பது கமாவின் இடத்தில். நம் கண்ணுக்கு இப்ராகிம், ஃபைலுக்குள் ஒரு கமாவும் அதன் பின்னால் மிச்சப் பெயரும். எக்செல்லாக இருந்தால் கமா உள்ள பெயரை மேற்கோளுக்குள் வைத்து சேவ் செய்திருக்கும். ஃபாக்ஸ்புரோவும் அப்படித்தான். அவன் புரோகிராம் வெறுமனே ஒட்டி அனுப்புகிறது.

கச்சா வரி உங்களிடம் அப்படியே இருக்கிறது அல்லவா? மறுபடி ஏற்ற வேண்டாம். வரியைக் கமாவில் பிளந்து, முதல் துண்டு டோக்கன், கடைசி மூன்று துண்டும் முறையே நாள், மொத்தம், பிடித்தம் என்று வையுங்கள். நடுவில் எத்தனை துண்டு மிஞ்சினாலும் அவற்றைக் கமாவோடு திரும்ப ஒட்டினால் அதுதான் பெயர். இனிஷியலும் இ, பெயரும் இ என்றாலும் தாங்கும்.


தோல்_கணக்கு
13 ஜூலை, பகல் 12:20

150 பேரும் சரியாக வந்துவிட்டார்கள். மொத்தம் ரூபாய் சுத்தமாகப் பொருந்துகிறது. ஈ.சி.ஆர். ஏற்றியாகிவிட்டது, சலானும் வந்துவிட்டது.

ராணிப்பேட்டைப் பையனுக்குப் போன் செய்து கமாவுக்குப் பதில் ஆம்பூர் மாதிரி பைப் குறி போடச் சொன்னேன். அவன் கேட்கிறான்: அண்ணா, பாமினியில் அந்தக் குறிக்கு என்ன எழுத்து?


ஜங்ஷன்_காத்து
13 ஜூலை, பகல் 12:26

யூனிகோடுக்கு மாறச் சொல்லுங்கள் அண்ணா, காலில் விழுகிறேன்.


மக்கன்பேடா
13 ஜூலை, பகல் 12:51

மாறும்போது மாறட்டும். அதுவரைக்கும் டேப் போடச் சொல்லுங்கள். டேப் சாவியில் எழுத்தை வைத்த தமிழ் எழுத்துரு எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.


தோல்_கணக்கு
13 ஜூலை, பிற்பகல் 1:15

சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் ஃபைல் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இப்போது சாப்பிடப் போகிறேன், ஐந்து நாளாக மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.